பேலன்ஸ் ஷீட் ஸ்கேன்ல அடிப்பக்கம் வெட்டுப்பட்டதுக்காக டெண்டரையே தள்ளிட்டாங்க. அப்பீல் போடலாமா?

காகிதப்பட்டறைக்காரி | வெள்ளி, இரவு 10.50

ரெண்டு நாளா தூக்கமில்லை, அதான் இங்க எழுதறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வேலூர்ல ஹவுஸ்கீப்பிங் ஆள் அனுப்பற வேலை பண்றேன். 2017ல ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாலு பேரை வச்சு ஆரம்பிச்சது, இப்ப 41 பேர். முக்கால்வாசி காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி பக்கத்துப் பொம்பளைங்க. ஆபீஸ்னு தனியா எதுவும் கிடையாது, வீட்டு முன்ரூம்தான். ஒரு பக்கம் பினாயில் கேன், ஒரு பக்கம் பி.எஃப். ஃபைல்.

இந்த ஊர்ல ஒரு அரசு நிறுவனம், பேர் வேண்டாமே, ஹாஸ்டலும் ஆபீஸ் கட்டடமும் சுத்தம் பண்ண டெண்டர் விட்டாங்க. 34 பேர், ஒரு வருஷம். மதிப்பு 68 லட்சம், ஈ.எம்.டி., அதாவது டெண்டரோட கட்டற வைப்புப் பணம், 65,000. தகுதிப் பேப்பருக்கு டெக்னிக்கல் கவர், விலைக்கு பிரைஸ் கவர்னு ரெண்டு கவர், எல்லாம் ஆன்லைன்ல. நாலு பேர் போட்டோம். புதன்கிழமை சாயந்திரம் போர்ட்டல்ல இருந்து மெயில் வந்துச்சு, என் டெக்னிக்கல் கவர் ரிஜெக்ட். காரணம்னு ஒரே வரி: "2ஆம் ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் யூ.டி.ஐ.என். காணப்படவில்லை."

யூ.டி.ஐ.என்.னா ஆடிட்டர் தன் கையெழுத்தோட போடற சரிபார்ப்பு நம்பர். அது இருக்கு! ஆடிட்டர் போட்டுத்தான் கொடுத்தாரு. ஆனா நடந்தது என்னன்னு மறைக்காம சொல்லிடறேன். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு பையன் ஸ்கேன் போட்டான். அந்த ஒரு வருஷத்து பேலன்ஸ் ஷீட் மட்டும் லீகல் சைஸ் தாள். ஏ4 கண்ணாடியில வச்சிருக்கான். அடியில ரெண்டு விரக்கடை காணோம். ஆடிட்டர் சீல் பாதி தெரியுது, நம்பர் இருந்த வரி மொத்தமா போச்சு. நானும் வீட்டுக்கு வந்து 63 பக்கத்தை அப்லோட் பண்ற அவசரத்துல பாக்கல. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேற ரெண்டு தடவை மக்கர் பண்ணுச்சு.

சரி, தப்பு என்னுதுதான்னு விட்டிருப்பேன். ஆனா மூணு வருஷத்துக்கும் சேர்த்து ஆடிட்டர் கொடுத்த டர்னோவர் சர்டிஃபிகேட்ல நம்பர் நல்லாவே தெரியுது. அதையும்தான் அப்லோட் பண்ணியிருக்கேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா உடனே ஒரிஜினலை எடுத்துட்டுப் போயிருப்பேன். வீட்ல இருந்து அந்த ஆபீஸுக்கு ஸ்கூட்டில பத்து நிமிஷம்.

வியாழக்கிழமை பிரைஸ் கவர் திறந்துட்டாங்க. எல்-1, அதாவது குறைஞ்ச விலை போட்டவர், ஆள் ஒன்றுக்கு மாசம் 14,800 போட்டிருக்காரு. நான் 15,900. என் கவரை திறக்கவே இல்லை. அப்புறம் ஒரு சந்தேகத்துல அவரோட ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டுப் பாத்தேன். ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி ரெண்டு வருஷம்கூட ஆகல. டெண்டர்ல மூணு வருஷ அனுபவம் கேட்டிருக்காங்க!

அப்பீல்னு ஒண்ணு உண்டாமே? போட்டா எடுபடுமா? இல்ல, ஊர்ல இருக்கற மத்த ஆபீஸ்லயும் என் பேரைக் கறுப்புல எழுதிடுவாங்களா?

மண்டித்தெரு வண்டி | வெள்ளி, இரவு 11.20

அக்கா, நான் வண்டி வாடகைக்கு உடறவன். ஆபீஸ் ஜீப்பு, டெம்போ, இதான் நம்ம பொழப்பு. உங்க கதை எனக்கும் நடந்துது. எனக்கு ஆர்.சி. புக் காப்பியில கையெழுத்து இல்லைன்னாங்க. 11 பக்கத்துல கையெழுத்து போட்டிருக்கேன், பின்பக்கம் ஒண்ணுல போடல. அம்புட்டுதான்.

நான் அப்பீல் போடல. இன்னாத்துக்கு வம்பு, நாளைக்கு அதே ஆபீஸ்லதான் பில்லுக்கு நிக்கணும்னு உட்டுட்டேன். அப்பால இன்னா ஆச்சு? அடுத்த வருஷமும் அதே ஆளுக்குத்தான் போச்சு. நான் நல்லவன்னு பேர் எடுத்ததுதான் மிச்சம். ஈ.எம்.டி. திரும்பி வர ஏழு மாசம் ஆச்சு, அதுக்கே பன்னெண்டு தபா நடந்தேன்.

போடுங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பெரியவர் ஒருத்தர் இங்க இருக்காரு, அவர் வரட்டும்.

பழைய அக்கவுண்டண்ட் | சனி, காலை 6.15

அம்மா, முப்பத்தோரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். டெண்டர் கமிட்டிகளில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மெழுகு முத்திரை போட்ட பெட்டியில் கவர் விழுந்த காலத்திலும் இருந்தேன், டோக்கன் செருகும் காலத்திலும் இருந்தேன்.

முதலில் அவசரமான விஷயம். அந்த நிறுவனம் மாநில அரசைச் சேர்ந்தது என்றால் உங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதற்கான விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தவை. பொருள் வாங்குவது, கட்டடம் கட்டுவது மட்டுமல்ல, உங்கள் வேலை மாதிரியான சேவைகளும் அதற்குள் வரும். 10ஆம் பிரிவு டெண்டரை மதிப்பிட்டு ஏற்பது பற்றியது. 11ஆம் பிரிவு அப்பீல். டெண்டரை ஏற்கும் அதிகாரி போட்ட உத்தரவால் பாதிக்கப்பட்டவர், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். அரசு என்றால் அந்தத் துறையின் செயலகம். கோட்டைக்குப் போகவேண்டும் என்றதும் நம்மூர் அகழிப் பக்கம் ஆட்டோவைத் திருப்பிவிடாதீர்கள், சென்னைக் கோட்டை! மத்திய அரசு அலுவலகம் என்றால் இந்தச் சட்டம் செல்லாது, 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பார்க்க வேண்டும்.

போர்ட்டலில் இருந்து வந்த மெயிலையே உத்தரவு என்று வைத்து எண்ணுங்கள். புதனில் இருந்து கணக்குப் போட்டால் அடுத்த சனிக்கிழமையோடு பத்து நாள் முடிகிறது. "முறையான உத்தரவு இன்னும் வரவில்லையே" என்று வாதாட இடமிருக்கலாம். அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை எழுத்தில் கேளுங்கள்: என் டெண்டரை நிராகரித்த உத்தரவின் நகலும் காரணமும் வேண்டும் என்று. தேர்வானவரின் பெயர், மற்றவர்களை நிராகரித்த காரணம் இரண்டையும் டெண்டர் புல்லட்டின் (டெண்டர் விவரங்களை வெளியிடும் அரசு இதழ்) அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த 10ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆக, காரணம் என்பது அவர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்கிற சமாச்சாரம் அல்ல.

தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாமே என்று யாராவது வருவார்கள். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு 30 நாள், உங்களுக்கு இருப்பது 10 நாள். அப்பீலுக்கு அது உதவாது.

இனி உங்கள் கேஸ். "நான் நல்ல ஏஜென்சி, என் ஆட்கள் நன்றாக வேலை செய்வார்கள், எனக்கே கொடுங்கள்" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். யாருக்குக் கொடுப்பது என்பதை அப்பீலிலோ கோர்ட்டிலோ புதிதாக முடிவு செய்ய மாட்டார்கள். 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: நாங்கள் பார்ப்பது முடிவை அல்ல, முடிவுக்கு வந்த வழியை. ஆகவே வழி எங்கே கோணியது என்று மட்டும் எழுதுங்கள்.

அதற்கு உதவியாக ஒரு வழக்கு இருக்கிறது. 1991, போத்தார் ஸ்டீல். டெண்டர் போட்டவர் முன்பணத்தை ஸ்டேட் பாங்க் டிராஃப்டாகக் கட்டாமல் யூனியன் பாங்க் சான்றளித்த செக்காகக் கொடுத்துவிட்டார். நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து மீறியதுதான். ஆனால் டெண்டர் நிபந்தனைகளில் உயிரானவை வேறு, துணையானவை வேறு. துணையானதில் சின்னப் பிசகு இருந்தால் அதிகாரி விட்டுக்கொடுக்கலாம் என்றது நீதிமன்றம். விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் சொன்னது, விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி: மற்ற மூவருக்கும் இதே கண்டிப்புதானா? இதை ஏன் சொல்கிறேன் என்றால், மதிப்பீட்டுக்கு முன் குமாஸ்தா ஒரு செக்லிஸ்ட் போடுவார். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு ஆவணத்துக்கும் டிக். என் காலத்தில் பென்சிலால் போடுவார்கள், ஏன் பென்சில் என்று கேட்கக் கூடாது. ஒருமுறை ஒரு தாளில் அழித்த இடம் பளபளவென்று தெரிந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் முதலில் 'இல்லை' என்று இருந்தது 'உண்டு' ஆகியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அது வேறு கதை. அந்த செக்லிஸ்டும் ஒப்பீட்டுப் பட்டியலும் அப்பீல் விசாரணையில் வரவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். உங்களைத் தள்ளியவர் கெட்டவர் என்றே முடிவு கட்டாதீர்கள். யூ.டி.ஐ.என். இல்லாத தாளை ஏற்றுக்கொண்டால் நாலு வருடம் கழித்து ஆடிட்டில் ஆட்சேபணை என்று ஒரு பாரா எழுதுவார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே பென்ஷன் தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். நிராகரித்தால் எந்த ஆடிட்டரும் ஏன் என்று கேட்பதில்லை. நானே ஒருவரை இப்படித் தள்ளியிருக்கிறேன், துணி வெளுக்கிற டெண்டரில். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

காட்பாடி ஆடிட் பையன் | சனி, மதியம் 1.05

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) பண்றேன். ஐயா சொன்னதுக்குக் கீழ ரெண்டு விஷயம்.

யூ.டி.ஐ.என். 18 இலக்க நம்பர். சர்டிஃபிகேட்களுக்கு 2019 பிப்ரவரியில இருந்து கட்டாயம். அது எதுக்குன்னா, அந்தக் கையெழுத்து நிஜமா அந்த ஆடிட்டர் போட்டதுதானான்னு யார் வேணா சி.ஏ. இன்ஸ்டிட்யூட் தளத்துல சரிபார்க்கறதுக்கு. உங்க டர்னோவர் சர்டிஃபிகேட்ல இருந்த நம்பரை அவங்க அடிச்சிருந்தாலே அது தெரிஞ்சிருக்கும். நீங்க உடனே ஆடிட்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்குங்க: இந்த பேலன்ஸ் ஷீட்ல கையெழுத்துப் போட்ட தேதி இது, நம்பர் இது, அதை உருவாக்கின தேதி இதுன்னு. டெண்டர் கடைசி தேதிக்கு முன்னாடியே நம்பர் இருந்துச்சுன்னு நிரூபணமாகணும். பிறகு போட்டு ஒட்டவச்ச நம்பர்னு அவங்க சொல்லிடக் கூடாது இல்ல? ஒரிஜினல் லீகல் சைஸ் தாளையும் எடுத்து வைங்க, மடிக்காம.

ரெண்டாவது, அக்கா, கோச்சுக்காதீங்க. ஜி.எஸ்.டி. ரெஜிஸ்ட்ரேஷன் தேதியை வச்சு அனுபவம் இல்லைன்னு எழுதாதீங்க. சேவைத் தொழில்ல வருஷம் 20 லட்சத்துக்குக் கீழ இருந்தா ரெஜிஸ்டர் பண்ண வேண்டிய கட்டாயமே இல்லை. தனி ஆளா பத்து வருஷம் பண்ணிட்டு போன வருஷம் கம்பெனியா மாத்தினாலும் புது நம்பர்தான் வரும். எங்க ஆபீஸ்லயே அப்படி நாலு கிளையண்ட் இருக்காங்க. அப்பீல்ல ஒரு பாயிண்ட் பொய்யாப் போனா மத்த பாயிண்டும் சேர்ந்து சாயும். "அவர் கொடுத்த அனுபவச் சான்று நிபந்தனைப்படி இருக்கான்னு பாருங்க"ன்னு கேட்டு விட்டுடுங்க.

விலையில ஏதோ இடிக்குதே, 14,800? டெண்டர்ல கூலி எவ்ளோ போட்டிருந்தாங்க?

காகிதப்பட்டறைக்காரி | ஞாயிறு, இரவு 9.30

ஐயாவுக்கும் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கோவம் எல்லாம் இல்ல தம்பி, ஜி.எஸ்.டி. பாயிண்டை அடிச்சுட்டேன்.

நீங்க கேட்டப்புறம்தான் கணக்கே போட்டேன். டெண்டர்ல தினக்கூலி 500, மாசத்துக்கு 26 நாள். அப்ப 13,000. முதலாளி பங்கு பி.எஃப். எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,690. ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 422 ரூபா 50 காசு. கூட்டினா 15,112.50. இதுல யூனிஃபார்ம் இல்ல, போனஸ் இல்ல, மாப் குச்சி இல்ல, எனக்குன்னு ஒரு ரூபாகூட இல்ல. நான் 15,900 போட்டதே பல்லைக் கடிச்சுக்கிட்டுதான்.

அவர் 14,800. ஆளுக்கு 312.50 குறையுது. 34 பேருக்கு மாசம் 10,625. வருஷத்துக்கு 1,27,500. இது வானத்துல இருந்து வருமா? எங்க இருந்து வரும்னு என்கிட்ட வேலை பாக்கறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. ரெண்டு பங்கு பி.எஃப்.பையும் சம்பளத்துலயே பிடிப்பாங்க. இல்லைன்னா 26 நாள் வேலை வாங்கிட்டு ரெஜிஸ்டர்ல 22ன்னு எழுதுவாங்க. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு அக்கா அப்படி ஒரு இடத்துல நாலு வருஷம் இருந்துச்சு. பி.எஃப். பாஸ்புக்கை என் போன்ல திறந்து காட்டினேன். எட்டு மாசம்தான் கட்டியிருந்தாங்க. போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணும் பேசல. அப்புறம் எழுந்து போய் பக்கெட்டை எடுத்துச்சு.

இன்னொண்ணு. டெண்டர் டாக்குமெண்டை ராத்திரி மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். 23ஆம் பக்கத்துல, சின்ன எழுத்துல: "சட்டப்படி செலுத்த வேண்டிய தொகைகளை ஈடுசெய்யாத விலைப்புள்ளி நிராகரிக்கப்படும்." நான் 63 பக்கம் அப்லோட் பண்ணேனே தவிர, அவங்க 48 பக்கத்தை ஒழுங்கா படிக்கல!

பழைய அக்கவுண்டண்ட் | ஞாயிறு, இரவு 10.10

23ஆம் பக்கம்தான் உங்கள் அப்பீல். ஸ்கேன் விஷயத்தை இரண்டாவதாக வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் ஒரு ரெஸ்டாரண்டும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர். ஐந்து வருட அனுபவமுள்ள பதிவு பெற்ற இரண்டாம் தர ஹோட்டல்காரர்தான் போடலாம் என்று நிபந்தனை. கொடுத்ததோ கேன்டீன் நடத்திக்கொண்டிருந்த ஒருவருக்கு. தானே போட்ட நிபந்தனை தன்னையும் கட்டும், தோன்றியபடி தளர்த்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை டெண்டர் வழக்கு எதுவானாலும் அதில் இருந்துதான் தொடங்குவார்கள். உங்கள் ஸ்கேனில் கண்டிப்பு, 23ஆம் பக்கத்தில் தளர்வு என்றால் கேள்வி அவர்கள் பக்கம் திரும்புகிறது.

அதே தீர்ப்பின் கடைசிப் பகுதியையும் கேளுங்கள். கொடுத்தது தவறு என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. வழக்குப் போட்டவர் மாதக்கணக்கில் தாமதித்து வந்தார், அதற்குள் மற்றவர் பணம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார் என்றது. நாளைக்கே கிளம்புங்கள்.

மண்டித்தெரு வண்டி | ஞாயிறு, இரவு 10.40

அக்கா அந்த 23ஆம் பக்கத்தை கலர்ல ஜெராக்ஸ் எடுங்க. ஆனா அந்தப் பையன் கடையில வேணாம் 😄

காகிதப்பட்டறைக்காரி | புதன், மதியம் 3.20

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். தபால் செக்ஷன்ல லெட்டரை வாங்கிக்கிட்டாங்க, நகல்ல சீல் போடச் சொன்னா "அதெல்லாம் பழக்கம் இல்லம்மா"ன்னாங்க. சீல் மேஜை மேலதான் இருக்கு, இங்க் பேடும் திறந்தே இருக்கு. அரை மணி நேரம் நின்னேன். வெயில் தெரியும்ல நம்மூர்ல, ஃபேன் அவங்க பக்கம் மட்டும் சுத்துது. கடைசில வெளிய வந்து அதே லெட்டரை ஸ்பீட் போஸ்ட்ல போட்டேன். ரசீதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன்.

அப்பீலை நேத்து காட்பாடில ரயில் ஏறி நேர்லயே போய்க் கொடுத்துட்டு வந்தேன். அங்க கேட்காமலே சீல் போட்டுக் கொடுத்தாங்க. நம்பவே முடியல. மூணு பக்கம்தான் எழுதினேன்: 23ஆம் பக்கம், கணக்கு, ஸ்கேன், ஆடிட்டர் லெட்டர். "நான் நல்லா வேலை செய்வேன்"னு ஒரு வரி எழுதியிருந்தேன், ஐயா சொன்னது ஞாபகம் வந்து ரயில்லயே அடிச்சுட்டு, எக்மோர்ல மறுபடி டைப் அடிச்சேன்.

காகிதப்பட்டறைக்காரி | (ஏழு வாரம் கழிச்சு) வியாழன், இரவு 8.45

என்ன ஆச்சுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. அந்த ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர், எல்-1 சார்பா ஒருத்தர், நான். பத்து நிமிஷம்தான் நடந்துச்சு. ஸ்கேனைப் பத்தி யாரும் பெருசா பேசல. விசாரிச்ச அதிகாரி என் கணக்குத் தாளை எடுத்து அவங்க பக்கம் தள்ளி, "இந்த 312 ரூபா எங்க இருந்து வரும்?"னு மட்டும் கேட்டாரு. ஆபீஸ்காரங்க எல்-1 முகத்தைப் பாத்தாங்க. அவர் "மேனேஜ் பண்ணிக்குவோம் சார்"ன்னாரு. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கிட்டாரு.

உத்தரவு வந்துச்சு: மதிப்பீடு நிபந்தனைப்படி நடக்கல, மறுபடி பரிசீலிக்கணும்னு. எனக்குக் கொடுக்கணும்னு இல்ல, ஐயா முன்னாடியே சொன்ன மாதிரிதான். அன்னிக்கு என் பொம்பளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு மக்கன்பேடா வாங்கிக் கொடுத்தேன்.

அவசரப்பட்டுட்டேன் போல. மறுபரிசீலனை எதுவும் பண்ணல. "நிர்வாகக் காரணங்களால்" மொத்த டெண்டரையும் ரத்து பண்ணிட்டு, போன திங்கள் புதுசா விட்டுட்டாங்க. அதே 34 பேர், அதே ஹாஸ்டல், அதே 68 லட்சம். ஒண்ணே ஒண்ணுதான் மாறியிருக்கு. போன தடவை மூணு வருஷ சராசரி டர்னோவர் 50 லட்சம் கேட்டாங்க. இப்ப ஒன்றரைக் கோடி. என்னோடது 74 லட்சம். இந்தத் தடவை என்னைத் தள்ள ஸ்கேன்கூட தேவையில்ல.

புது டெண்டர் முடியறவரைக்கும்னு சொல்லி எல்-1 ஆளுக்கே தற்காலிகமா மாசா மாசம் வேலை கொடுத்திருக்காங்க. அவர் ஆள் எடுக்கறாரு. என்கிட்ட இருந்து நாலு பேர் அங்க போயிட்டாங்க. ஹாஸ்டல் அவங்க வீட்டுக்குப் பக்கம், ஆட்டோ காசு மிச்சம். நான் எப்படித் தடுக்கறது? பி.எஃப். பாஸ்புக்கை மாசா மாசம் பாருங்கடின்னு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஐயா, இந்த ஒன்றரைக் கோடியை எதிர்த்து ஏதாவது செய்ய முடியுமா?

மண்டித்தெரு வண்டி | வியாழன், இரவு 9.05

கேட்டவனை ஜெயிக்க உட்டுட்டு ஆட்டத்தையே மாத்திட்டான் பாரு.

பழைய அக்கவுண்டண்ட் | வெள்ளி, காலை 5.50

நிபந்தனையை எதிர்ப்பது, மதிப்பீட்டை எதிர்ப்பதைவிடக் கஷ்டம். எவ்வளவு டர்னோவர் கேட்பது என்பது அலுவலகத்தின் உரிமை என்றுதான் கோர்ட்டுகள் பெரும்பாலும் சொல்லும். 2022இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்குக்குப் பிறகு தடை உத்தரவும் லேசில் கிடைக்காது.

ஆனால் ப்ரீ-பிட் கூட்டம், அதாவது டெண்டர் போடுமுன் சந்தேகம் கேட்கும் கூட்டம், என்று ஒன்று போட்டிருப்பார்கள், தேதியைப் பாருங்கள். அதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. சராசரி டர்னோவர் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதமாவது இருந்தால் போதும் என்ற அளவு அதில்தான் வருகிறது. அது கட்டுமான வேலைகளுக்குச் சொன்னது, மாநில அலுவலகத்தைக் கட்டவும் செய்யாது. ஆனாலும் 68 லட்சத்துக்கு அந்தக் கணக்கில் 20 லட்சத்து 40 ஆயிரம்தான் வரும். இவர்கள் கேட்பது வேலையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வேலை அளவு மாறாதபோது 50 லட்சம் எப்படி ஒன்றரைக் கோடி ஆனது, எந்தக் குறிப்பின் மேல் முடிவெடுத்தீர்கள் என்று கேளுங்கள். அப்பீல் உத்தரவின் நகலையும் பின்னால் இணையுங்கள்.

தகவல் உரிமை மனுவை இப்போது போடலாம், பழைய டெண்டரின் செக்லிஸ்ட் கேட்டு. இனிமேல் 30 நாள் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ப்ரீ-பிட் தேதி என்ன?

காகிதப்பட்டறைக்காரி | வெள்ளி, காலை 6.10

வர்ற செவ்வாய், காலை 11 மணி. லெட்டர் எழுத ஆரம்பிச்சுட்டேன் ஐயா. இந்தத் தடவை ஏ4லயே.